வரி விடாமல் ஒப்பிக்கிறான், கேட்டால் முழிக்கிறான்

அம்மா, பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் பையன் பாடத்தை வரி விடாமல் ஒப்பிக்கிறான், ஆனால் பத்தியின் மையக்கருத்தைக் கேட்டால் முழிக்கிறான், பாடம் போரடிக்கிறது என்கிறான் என்று கேட்டிருக்கிறீர்கள். அவனுக்கு ஞாபகசக்தியில் குறை ஒன்றும் இல்லை. பாடத்தை ஒப்பிக்கிறவன், "இது என்ன சொல்லுது?" என்றால் முழிப்பதற்குக் காரணம், அவன் கேள்வி இல்லாமல் படிப்பதுதான். நன்றாக எழுதப்பட்ட பத்தி ஏதோ ஒரு கேள்விக்குப் பதிலாக இருக்கும். அந்தக் கேள்வியைப் பிடித்துவிட்டால், பதில்தான் மையக்கருத்து.

செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல் பற்றிய இந்தப் பத்தியை அவனிடம் கொடுத்துப் பாருங்கள்:

"ஆத்தங்குடிக் கல் பதித்த தரை முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். ஆனால் அதற்குச் சூளையும் கிடையாது, மெருகேற்றும் மிஷினும் கிடையாது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து நிறக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துகிறார்கள். உலர்த்தி, தண்ணீரில் ஊறவைத்துக் கண்ணாடியை எடுத்தால், அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் ஏறியிருக்கும்."

பிள்ளைகள் இதற்கு நான்கு விதமாகத் தப்புப் பண்ணுவார்கள். "ஆத்தங்குடிக் கல்" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. "சிமெண்டும் மணலும் இட்டு அழுத்துவார்கள்" என்பது விவரம். "கைத்தொழிலைக் காப்போம்" என்பது நீதி. பத்தியில் அந்தப் பேச்சே இல்லை. நான்காவது, முதல் வரியை அப்படியே பெயர்த்து எழுதுவது. கைடு பார்த்துப் படித்தவர்களிடம் இதுதான் அதிகம்.

இங்கே திருப்பம் "ஆனால்" என்ற சொல்லில் இருக்கிறது. அந்த இடத்தில்தான் "பிறகு எப்படி மின்னுகிறது?" என்ற கேள்வி பிறக்கிறது. பதில் கடைசி வரியில்: ஆத்தங்குடிக் கல்லின் மினுமினுப்பு அது வார்க்கப்படும் கண்ணாடியிலிருந்து வருகிறது. அவ்வளவுதான் மையக்கருத்து. சரிபார்க்க ஒரு வழி: ஒவ்வொரு வாக்கியமாக விரலால் மறைத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதை மறைத்தால் கேள்விக்குப் பதில் காணாமல் போகிறதோ, கரு அங்கே இருக்கிறது.

முதல் வாசிப்பில் பென்சிலைத் தொட விடாதீர்கள். பக்கம் முழுக்க அடிக்கோடு போடுகிறவனுக்கு எது முக்கியம் என்று இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம். இரண்டாவது வாசிப்பில் கேள்வியை ஓரத்தில் எழுதட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பதினைந்து சொல்லுக்குள் வாயால் சொல்லட்டும். தினம் ஒரு பத்தி, பத்து நிமிஷம் போதும். செய்யுளுக்கு இந்த விரல் வைத்தியம் அவ்வளவாகச் செல்லாது. அங்கே ஒரு உவமையை மறைத்தாலே கரு கலைந்துவிடும்.

"பாடம் போரடிக்குது" என்பதற்கும் மருந்து இதேதான். பாடத் தலைப்பைக் கேள்வியாக மாற்றிக் கொடுங்கள். சும்மா ஆத்தங்குடிக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவான். "காய வேண்டிய கல்லை ஏன் தண்ணீரில் போடுகிறார்கள்?" என்று கேட்டு அனுப்புங்கள். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது என்று தெரியும்போது வேதிவினைப் பாடம் தானாகத் திறக்கும். வரலாற்றில் 1929 பொருளாதாரப் பெருமந்தம் வருகிறதா? "அமெரிக்காவில் பங்குச்சந்தை சரிந்ததற்கு, பர்மா வயல்கள் செட்டிநாட்டார் கைக்கு ஏன் வந்தன?" என்று கேளுங்கள். நெல் விலை விழுந்தது, விவசாயிகளால் செட்டிநாட்டாரிடம் வாங்கிய கடனை அடைக்க முடியவில்லை, அடமான நிலம் கடன் கொடுத்தவரிடம் போனது. இந்தச் சங்கிலியைச் சொந்தமாகக் கோத்தவன் அந்தப் பாடத்தை ஒப்பிக்கவே வேண்டியதில்லை.

இந்தப் பழக்கம் பத்தாம் வகுப்போடு முடிகிற சமாச்சாரமும் இல்லை. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வில் ஏறக்குறைய 450 சொற்கள் கொண்ட பத்திகளைக் கொடுத்துத்தான் கேட்கிறார்கள்; தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். தமிழக அரசு வேலைக்கான குரூப் 2 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித் தாளில் சுருக்கி வரைதல் உண்டு. அந்தத் தாளில் நூற்றுக்கு 40 வாங்காவிட்டால் மற்றதைத் திருத்த மாட்டார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். பத்தி வினாவில் மதிப்பெண் குறைகிறது என்பதற்காக, "இவனுக்கு மொழி வராது, கம்ப்யூட்டர் குரூப்பே எடுக்கட்டும்" என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். அரையாண்டுத் தேர்வு வரை இந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட்டு, பிளஸ் ஒன் பேச்சை அப்புறம் எடுக்கலாம்.