0.6875-இல் ஏன் நிற்கவில்லை?

லாஜிஸ்டிக் சமன்பாட்டைத் திரும்பத் திரும்ப இயக்கும் உங்கள் நிரல் 0.6875-இல் நிற்காமல் இரண்டு எண்களுக்கிடையே மாறி மாறித் தாவுகிறது என்று கேட்டிருந்தீர்கள். நிரலில் பிழை இல்லை. லாஜிஸ்டிக் சமன்பாட்டில் (எக்ஸ் என்ற எண்ணை ஆர் × எக்ஸ் × (1 − எக்ஸ்) ஆக மாற்றும் சார்பு) ஆர் 3.2 என்றால் 0.6875 நிலைப்புள்ளிதான், அதாவது அதை இட்டால் அதுவே திரும்ப வரும். ஆனால் அங்கே சார்பின் சாய்வு 2 − ஆர், அதாவது 2 − 3.2 = −1.2, குறியை விட்டுப் பார்த்தால் அளவு 1-ஐத் தாண்டியதால், பக்கத்தில் வரும் எண்ணைத் தள்ளிவிடும். எண்களுக்கிடையே உள்ள தூரத்தைச் சுருக்கும் சார்பைத் திரும்பத் திரும்ப இயக்கினால் நிலைப்புள்ளியில் போய்ச் சேரும் என்னும் பானாக் தேற்றத்தை நம்பிக் காத்திருந்தீர்கள் போலும். சுருக்கம் இல்லாத இடத்தில் அது கைகொடுக்காது.

ராயபுரம் டீக்கடையில் உட்கார்ந்து கால்குலேட்டரில் 0.69 இட்டுப் பார்த்தேன்: 0.6845, 0.6911, 0.6831. விலகல் ஒவ்வொரு முறையும் சுமார் 1.2 மடங்காகிறது. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

உங்களுக்கு மாறி மாறி வரும் 0.5130, 0.7995 இரண்டும், சார்பை இருமுறை இயக்கினால் கிடைக்கும் நிலைப்புள்ளிகள். ஒன்றுவிட்டு ஒன்றாக அச்சிடுங்கள், எண் அசையாது.

இதைக் கேயாஸ் (ஒழுங்கின்றித் தாவுவது) என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது ஆர் ஏறக்குறைய 3.57-க்கு மேல் போனால்தான், அங்கேயும் 3.83 அருகே மூன்று எண் சுழற்சி தலைகாட்டும்.