டீச்சரிடம் கேளுங்கள்: மகளுக்கு எந்தப் படப் புத்தகம்?

கேள்வி: டீச்சர், என் மகள் ஒன்றாம் ஆண்டு படிக்கிறாள். நல்ல கறுப்பு, சுருட்டை முடி, அப்படியே என் மாமியார் ஜாடை. கொஞ்ச நாளாகத் தன்னை வரையும்போதெல்லாம் முகத்துக்கு இளஞ்சிவப்புப் பென்சிலைத்தான் எடுக்கிறாள். அவள் அத்தை வேறு பசார் மாலாம் இரவுச் சந்தையில் வெள்ளையாக்கும் கிரீம் வாங்கி வந்து கொடுத்திருக்கிறார். பெண் பிள்ளைகள் தங்களைத் தாங்களே விரும்பக் கற்றுத்தரும் படப் புத்தகங்கள் இருக்கின்றனவாமே, எதை வாங்கலாம்?
– ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கிரீமைக் குப்பையில் போடுங்கள். இப்படி விற்கும் சில கிரீம்களில் பாதரசம் இருப்பதாக நம் மலேசியச் சுகாதார அமைச்சே பலமுறை எச்சரித்திருக்கிறது. அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். நீங்கள் கேட்கிற வகையில் பேர் பெற்றது ‘சுல்வே’. நடிகை லுபிடா நியோங்கோ எழுதி, வஷ்டி ஹாரிசன் படம் வரைந்து 2019-இல் வந்தது. வீட்டிலேயே தான்தான் அதிகக் கறுப்பு என்று வருந்தும் சிறுமி, அழிப்பானால் தன் தோலைத் தேய்த்துப் பார்க்கிறாள். உங்கள் மகளின் இளஞ்சிவப்புப் பென்சிலும் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆங்கிலப் புத்தகம்தான். படத்தைக் காட்டி நம் தமிழிலேயே சொல்லுங்கள்.

ஆனால் இந்த வகையில் ஒன்று போதும். இதே மாதிரி நாலைந்து வாங்கி அடுக்கினால், ‘என்னிடம் ஏதோ குறை இருக்கிறது, அதனால்தான் அம்மா இவ்வளவு சமாதானம் சொல்கிறாள்’ என்று பிள்ளைக்குத் தோன்றிவிடும். நான் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொடுத்த காலத்தில், பிள்ளைகள் ‘இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்’ என்று கேட்டதெல்லாம் ஆட்டுக்குட்டி தொலைந்த கதை, ஆற்றில் செருப்பு போன கதை. அறிவுரைக் கதையை யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. கறுப்பான ஒரு பெண் மீன் பிடிக்கட்டும், சைக்கிளில் விழட்டும், பல் ஆடுவதற்கு அழட்டும். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் அதில் வேண்டாம். குண்டான பெண், கண்ணாடி போட்டவள், சக்கர நாற்காலியில் வருகிறவள், தூடோங் முக்காடு அணிந்த தோழி, எல்லாரும் அப்படியே கதைக்குள் ஓடியாடட்டும்.

இப்படிப்பட்ட கதைகளைத் தேட இரண்டு இடம் சொல்கிறேன். சென்னையில் 1996-இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும் இருமொழியிலும் படப் புத்தகம் போடுகிறது. வாங்க வசதி இல்லாவிட்டால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளைக் கைப்பேசியிலேயே இலவசமாக வாசிக்கலாம், அச்சிட்டும் வைத்துக்கொள்ளலாம். பள்ளியில் நீலாம் வாசிப்புத் திட்டக் கணக்குக்கும் உதவும்.

அதில் நம் செம்பனைத் தோட்டமும் லயத்து வீடும் கிடைப்பது கஷ்டம். அதை நீங்கள் இரண்டு பேரும் வரைந்து ஒரு புத்தகமாகத் தைத்துவிடுங்கள். பென்சில் பெட்டியில் பழுப்பு நிறங்கள் எல்லாம் இருக்கட்டும், ஆனால் எதை எடு என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், அத்தையிடம் நீங்கள்தான் பேச வேண்டும். ‘அண்ணி, இந்தக் கறுப்பு வெள்ளைப் பேச்சு என் பிள்ளையிடம் வேண்டாம்’ என்று மரியாதையாக, மகள் காதில் விழும்படியே சொல்லுங்கள். அம்மா தனக்காகப் பேசினாள் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.