பழைய டீசல் பிக்கப் வாங்கும்போது ‘பேக் கம்ப்ரஷன்’ பார்ப்பது ஏன்?

விலை பேசும் முன் மெக்கானிக் ஏன் ஆயில் மூடியைத் திறந்து பார்க்கிறார் என்ற கேள்விக்கான விடை ‘பேக் கம்ப்ரஷன்’ என்பதில் இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றும் எரிந்த வாயுவும் பிஸ்டனைச் சுற்றி அடைப்பாக இருக்கும் ரிங்குகளைத் தாண்டி, கீழே ஆயில் நிற்கும் பகுதிக்குக் கசிவதையே பட்டறைகளில் அப்படிச் சொல்கிறார்கள்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை சுருக்கும்போது உண்டாகும் வெப்பத்தில்தான் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ரிங் தேய்ந்தால் அந்த அழுத்தம் குறைந்து, குளிர்ந்த நிலையில் வண்டி கிளம்பத் திணறும், ஏற்றத்தில் பாரம் இழுக்காது. வாஷர் காய்ந்துபோன சைக்கிள் பம்பை எவ்வளவு அழுத்தினாலும் காற்று பின்பக்கமாகவே போய்விடுவதைப் போன்றது இது.

எஞ்சின் ஓடும்போது மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி வருவது இயல்பு. ஆனால் தளர்வாக வைத்த மூடி துள்ளி விழும் அளவுக்குப் புகை குபுகுபுவெனத் தள்ளினால், பெரிய செலவு காத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த நிலையில் கிளம்பத் திணறுவதை மறைக்க, நீங்கள் போகும் முன்பே விற்பவர் வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கக்கூடும் என்பதால், முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள்; சூடாக இருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுவதே நல்லது. அதிக பாரம் சுமந்த வண்டியா என்பதைச் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் உள்ள வெல்டிங் தழும்புகளும் உடைந்த ஸ்பிரிங் பட்டைகளும் காட்டிவிடும்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருந்தாலே எஞ்சின் போய்விட்டது என்று பலர் எண்ணுவது தவறு. டீசல் கரி கலப்பதால் புது ஆயிலும் விரைவிலேயே கறுத்துவிடும்.