ஸ்பர்ஸ் கணக்கு: சான் அன்டோனியோ அணியின் சீசன்கள் பற்றிக் கேட்டதும் சொன்னதும்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் ஆடும் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் பழைய சீசன்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதியிருக்கிறேன். எண்களில் முதலில் வருவது வெற்றி, அடுத்தது தோல்வி. வெறும் எண்ணை மட்டும் பார்த்தால் இந்த அணி பிடிபடாது. அந்த வருஷம் யார் ஆடினார், யார் காயத்தில் உட்கார்ந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கேள்வி: அண்ணா, ஸ்பர்ஸ் தொடங்கின வருஷம் 1967ன்னு ஒருத்தர் சொல்றார், 1973ன்னு இன்னொருத்தர், 1976ன்னு வேறொருத்தர். எது சரி?

மூன்றும் சரிதான் தம்பி. 1967இல், என்பிஏவுக்குப் போட்டியாக இருந்த ஏபிஏ லீக்கில் டல்லாஸ் சாப்பரல்ஸ் என்ற பெயரில் பிறந்த அணி இது. டல்லாஸில் கூட்டம் சேரவில்லை. 1970-71இல் டெக்சாஸ் சாப்பரல்ஸ் என்று பெயர் மாற்றி ஊர் ஊராக ஆடிப் பார்த்தார்கள், அதுவும் எடுபடவில்லை. 1973இல் சான் அன்டோனியோவுக்கு வந்த பிறகுதான் ஸ்பர்ஸ் ஆனது. 1976இல் ஏபிஏ கலைந்தபோது நெட்ஸ், நகெட்ஸ், பேசர்ஸ் ஆகியவற்றோடு ஸ்பர்ஸும் தலா 32 லட்சம் டாலர் கட்டி என்பிஏவுக்குள் நுழைந்தது.

கேள்வி: நட்சத்திர ஆட்டக்காரர் ஜார்ஜ் கெர்வின் காலத்தில் ஏன் ஒரு கோப்பைகூட இல்லை?

1979ஐப் பாருங்கள். அப்போது ஸ்பர்ஸ் கிழக்குப் பிரிவில் இருந்தது. பிரிவு இறுதியில் வாஷிங்டன் புல்லட்ஸை 3-1 என்று முந்தி நின்று, அடுத்த மூன்று ஆட்டங்களையும் விட்டது. ஏழாவது ஆட்டத்தில் தோற்றது வெறும் 2 புள்ளியில். மேற்குப் பிரிவுக்கு மாறிய பின் 1982, 1983 இரண்டிலும் லேக்கர்ஸ் வழிமறித்தது.

கெர்வின் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது 1977-78 சீசனின் கடைசி நாள். அதிகப் புள்ளி சராசரிக்கான போட்டியில் டென்வரின் டேவிட் தாம்சன் பகல் ஆட்டத்தில் 73 புள்ளி எடுத்துவிட்டார். கெர்வினுக்கு அன்று இரவு 58 தேவை. அவர் எடுத்தது 63. அதில் 33 இரண்டாவது கால்பகுதியில் மட்டும்!

கேள்வி: 1988-89இல் 21-61, அடுத்த வருஷமே 56-26. அச்சுப் பிழையா?

பிழையில்லை. 1987 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாக டேவிட் ராபின்சனை எடுத்தார்கள். அவர் கடற்படை அதிகாரி, இரண்டு ஆண்டு பணி முடித்துவிட்டுத்தான் வந்தார். அணி அதுவரை காத்திருந்தது. அவர் வந்த சீசனில் டெர்ரி கம்மிங்ஸும் புதுமுகமாக ஷான் எலியட்டும் சேர்ந்தார்கள். ஒரே ஆண்டில் 35 வெற்றி கூடியது அன்றைக்கு லீக் சாதனை.

கேள்வி: சார், நேரடியாகக் கேட்கிறேன். 1996-97இல் டங்கனுக்காக வேண்டுமென்றே தோற்றார்களா?

1997 டிராஃப்டில் ஸ்பர்ஸ் முதல் ஆளாக எடுத்த டிம் டங்கனைப் பற்றிய இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வரும். என் பதில்: இல்லை.

முந்தைய சீசன் 59-23. அதே அணி 20-62க்கு விழுந்தது. ராபின்சன் முதுகு வலியால் சீசனின் தொடக்கத்தில் ஆடவில்லை. திரும்பி வந்து ஆறே ஆட்டம் ஆடியதும் பாதத்தில் எலும்பு முறிவு, சீசன் முடிந்தது. எலியட் பாதிக்கும் குறைவான ஆட்டங்களே ஆடினார். நல்ல மூன்று புள்ளி வீச்சாளரான சக் பெர்சன் ஓர் ஆட்டம்கூட இல்லை. முதுகெலும்பே போன பிறகு அணி எப்படி நிற்கும்? 3-15 என்ற நிலையில் பயிற்சியாளர் பாப் ஹில்லை நீக்கிவிட்டு, மேலாளராக இருந்த கிரெக் பாப்பவிச் தானே பொறுப்பேற்றார். அவருடைய கையில் 17-47.

டிராஃப்டில் முதல் இடம் யாருக்கு என்பதைக் குலுக்கலில் முடிவு செய்யும், மோசமான அணிக்கு வாய்ப்பு அதிகம் தரும் லாட்டரி கணக்கையும் பாருங்கள். அந்த ஆண்டு மிக மோசமான அணி 14-68 எடுத்த வான்கூவர் கிரிஸ்லீஸ், ஆனால் புதிய அணிகளுக்கான விதியால் அவர்களுக்கு முதல் இடம் கிடையாது. 15-67 எடுத்த பாஸ்டனுக்குத்தான் வாய்ப்பு அதிகம், கையில் இரண்டு சீட்டு வேறு. அப்படியிருக்கும்போது டங்கனைக் குறிவைத்துத் தோற்பது புத்திசாலித்தனமே இல்லை. ராபின்சன் பாதி குணமான காலோடு அவசரப்பட்டுத் திரும்பவில்லை என்பது உண்மை. அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: 1999 கோப்பை வெறும் 50 ஆட்ட சீசன்ல வந்தது. அதைக் கணக்குல எடுக்கலாமா?

கட்டாயம் எடுக்கலாம். லாக்அவுட்டால், அதாவது உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் நடந்த ஒப்பந்தத் தகராறால், 50 ஆட்டம் எல்லா அணிக்கும்தான். ஸ்பர்ஸ் 6-8 என்று தடுமாறித் தொடங்கியது, பாப்பவிச்சின் வேலையே ஆட்டம் கண்டது. அதன் பிறகு 31-5. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் 15-2. இறுதியில் நியூயார்க் நிக்ஸை 4-1 என்று முடித்தார்கள்.

அந்த மே 31 ஆட்டத்தை முடிந்தால் முழுதாகப் பாருங்கள். போர்ட்லாந்துக்கு எதிராக 18 புள்ளி பின்தங்கி இருந்தார்கள். சுமார் 9 வினாடி மிச்சம் இருக்கும்போது எலியட் ஓரக்கோட்டை ஒட்டி, குதிகால் கோட்டைத் தொடாமல் நுனிக்காலில் நின்று மூன்று புள்ளி போட்டார். 86-85 என்று ஜெயித்தார்கள். அப்போது அவருக்குச் சிறுநீரக நோய் இருந்தது. அந்தக் கோடையிலேயே அண்ணனின் சிறுநீரகத்தைப் பொருத்திக்கொண்டு, அடுத்த மார்ச்சில் மறுபடி களம் இறங்கினார். இந்தச் சீசனுக்கு மதிப்பில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் வலிக்கும்.

கேள்வி: 1999, 2003, 2005, 2007. ஏன் எப்போதும் ஒற்றைப்படை வருஷம்? அடுத்தடுத்து ஏன் ஜெயிக்கலை?

இடையில் வந்த வருஷங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. 2000இல் டங்கன் காயம். 2001, 2002 லேக்கர்ஸ். 2004இல் 0.4 வினாடி மிச்சம் இருக்கும்போது லேக்கர்ஸின் டெரெக் ஃபிஷர் போட்ட வீச்சு. 2006இல் டல்லாஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் போனது. ஐந்து கோப்பை எடுத்தும் தொடர்ந்து இரண்டு எடுக்காத அணி இது. 2006 அணிதான் எனக்கு ஆறாத ஏக்கம், 63-19 எடுத்த அணி அது.

கேள்வி: 2013 தோல்விக்குப் பிறகு எப்படி எழுந்தாங்க?

மயாமிக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 28 வினாடி இருக்கும்போது 5 புள்ளி முன்னிலை. கோப்பை வழங்கும் விழாவுக்காக ஆடுகளத்தைச் சுற்றிக் கட்டக் கயிறுகூடக் கொண்டுவந்துவிட்டார்கள். மயாமியின் கிறிஸ் போஷ் கூடையில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்து ரே ஆலனுக்குத் தள்ள, 5.2 வினாடி மிச்சம் இருக்கும்போது ஆலன் மூலையிலிருந்து மூன்று புள்ளி போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் மயாமி, ஏழாவதிலும் மயாமி.

அடுத்த சீசன் 62-20. அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. மறுபடி அதே மயாமி. இம்முறை 4-1, ஜெயித்த நான்கும் 15 புள்ளிக்குக் குறையாத வித்தியாசம். கவாய் லெனர்டுக்கு 22 வயது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். 1999இல் 57ஆவது ஆளாக எடுக்கப்பட்ட மனு ஜினோபிலி, 2001இல் 28ஆவது ஆளான டோனி பார்க்கர், நடுவில் டங்கன். பந்து ஒரு கையில் தங்காமல் போகும் அந்த ஆட்டத்தை விட அழகான கூடைப்பந்தை நான் பார்த்ததில்லை.

கேள்வி: அதிக வெற்றி எடுத்த சீசன் எது?

2015-16, 67-15. சொந்த மைதானத்தில் 40-1. அதே வருஷம் வாரியர்ஸ் 73-9 எடுத்ததால் யாரும் பேசவில்லை. ஓக்லஹோமா இரண்டாம் சுற்றில் 4-2 என்று அனுப்பிவைத்தது. அதோடு டங்கன் விடைபெற்றார்.

கேள்வி: ஒவ்வொரு சீசனிலும் குறைந்தது 50 வெற்றி என்ற தொடர் 1999-2000இலிருந்துதான் கணக்காம். கோப்பை எடுத்த 1998-99 ஏன் இல்லை?

50 ஆட்டத்தில் 37-13தான் எடுக்க முடிந்தது. அதே விகிதத்தில் 82 ஆட்டம் ஆடியிருந்தால் 60ஐத் தொட்டிருக்கும். 2016-17 வரை 18 சீசன் தொடர்ந்த வரிசை, லெனர்ட் 9 ஆட்டம் மட்டுமே ஆடிய 2017-18இல் 47-35 என்று அறுந்தது. 22 ஆண்டு பிளேஆஃப் தொடர் 2019-20இல் நின்றது.

கேள்வி: அண்ணா, வெம்பன்யாமா வந்தும் 22-60 தானே? டங்கன் வந்ததும் 36 வெற்றி கூடுச்சே.

நல்ல கேள்வி. 1997இல் டங்கன் வந்தபோது பக்கத்தில் குணமாகிவிட்ட ராபின்சன் நின்றார். 20-62 என்பது காயத்தின் எண், அணியின் தரம் அதற்கு மேலே இருந்தது. 2023 டிராஃப்டில் முதல் ஆளாக விக்டர் வெம்பன்யாமா வந்தபோது இருந்த 22-60 அணியின் உண்மையான நிலை. அவரைத் தாங்கிப்பிடிக்க ஒரு ராபின்சன் இல்லை. அதனால் சிறந்த புதுமுகம் விருது வந்தது, வெற்றி எண்ணிக்கை மட்டும் அசையவில்லை.

2024-25இல் 34-48. பாப்பவிச்சுக்கு நவம்பரில் பக்கவாதம், வெம்பன்யாமாவுக்குப் பிப்ரவரியில் தோளில் ரத்த உறைவு, அதோடு சீசன் போனது. அப்படியும் 12 வெற்றி கூடியது, ஸ்டெஃபான் காசில் சிறந்த புதுமுகமானார். மே 2025இல் பாப்பவிச் பயிற்சியாளர் பொறுப்பை மிட்ச் ஜான்சனிடம் விட்டார். 1996 டிசம்பருக்குப் பிறகு அந்த இருக்கை கைமாறியது அப்போதுதான்.