புகார் பெட்டியில குளவிக்கூடு: பிள்ளைக பாதுகாப்பு, கேள்வி-பதில்

தொண்டில இருந்து சாயல்குடி வரைக்கும் இந்த மாசம் கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. முப்பது வருசத்துக்கு மேல பி.டி. வாத்தியாரா இருந்துட்டு இப்ப ஸ்கூல் ஸ்கூலா போய் பாதுகாப்பு பாக்குற ஆளுன்னு கேக்குறீங்க, சந்தோசம். ஆனா ஊரு, பிள்ளை வயசு, நடந்தது என்ன, இந்த மூணையும் எழுதுங்கப்பா. ஒவ்வொரு தடவையும் இதையே சொல்றேன்.

எட்டாவது படிக்கிற மக வாலிபால் ஆடுறா. கோச் ராத்திரி பத்து மணிக்கு மேல தனியா வாட்ஸ்அப்ல மெசேஜ் போடுறாரு. பிராக்டிஸ் டைம் மட்டும்தான், ஆனா உறுத்துது. (கீழக்கரை)

உறுத்தத்தான் செய்யும் தங்கச்சி. டைம் சொல்றதுக்கு பெத்தவங்க இருக்கிற குரூப் போதும். அவரு நல்லவரா கெட்டவரான்னு நீங்க தீர்ப்பு சொல்ல வேணாம், ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்: பிள்ளையோட தனி சாட் கிடையாது, பைக்ல தனியா ஏத்திட்டுப் போறது கிடையாது, கதவு சாத்துன ரூம் கிடையாது. எப்பவும் இன்னொரு பெரியாளு கண்ணுல படுற இடம். இதை கிளப்ல சொல்லுங்க. "என்னையவே சந்தேகப்படுறீங்களா"ன்னு எகிறுனா அப்பத்தான் உத்துப் பாக்கணும்.

வெயிட் மேட்ச்சுக்கு பையன் ரெண்டு கிலோ குறைக்கணும். ரெண்டு நாளா சாப்பிடாம ரெயின்கோட் போட்டு ஓடுறான். சரிதானா? (தேவிபட்டினம்)

சரியில்ல, இன்னைக்கே நிறுத்துங்க. நம்ம கடக்கரை புழுக்கத்துல வேர்வை காயாது, காயலேன்னா உடம்பு சூடு இறங்காது, அதுல ரெயின்கோட்டும் சேந்தா என்ன ஆகும்? ஓடுற பையன் பேச்சு குழறுனா, தடுமாறுனா, உடனே நிழலுக்கு இழுத்து உடம்பு பூரா தண்ணிய ஊத்தி விசிறுங்க, 108-க்கு இன்னொருத்தர் போன் போடட்டும். வண்டி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. ரெண்டு கிலோ கூட இருந்தா அடுத்த வெயிட்ல ஆடட்டுமே, கப்பு என்ன ஓடியா போகுது.

தலையில அடிபட்டா எவ்வளவு நேரம் கழிச்சு திரும்ப இறக்கலாம்?

அன்னைக்கு இறக்கவே கூடாது. வாந்தி, மயக்கம், தலைவலி கூடுறது, கேட்டதையே திரும்பக் கேக்குறது, இதுல எது வந்தாலும் ஆஸ்பத்திரி. எப்ப திரும்ப ஆடலாம்னு டாக்டர் சொல்லட்டும், டீம் கேப்டன் சொல்ல வேணாம்.

சார் சேப்டி சர்டிபிகேட் எங்க வாங்கணும் டீடெயில் அனுப்பவும்.

எந்த ஊரு, ஸ்கூலா அகாடமியா, கட்டடமா வண்டியா? இப்படி கேட்டா நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்.

எங்க ஸ்கூல்ல கமிட்டி இருக்கு, பெட்டி இருக்கு, மூணு வருசமா ஒரு புகாரும் இல்ல. ஆய்வுக்கு வர்றவங்க இன்னும் என்ன எதிர்பாக்குறீங்க? (ஒரு தாளாளர்)

ஐயா, இந்த "ஒரு புகாரும் இல்ல"ங்கிற வார்த்தைய கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். பல நூறு பிள்ளைக இருக்கிற இடத்துல மூணு வருசமா ஒரு முனகல் கூட இல்லேன்னா பிள்ளைக சந்தோசமா இருக்காங்கன்னு அர்த்தமில்ல, சொல்றதுக்கு வழி இல்லேன்னு அர்த்தம். கடலோரத்துல ஒரு ஸ்கூல், பேரு வேணாம், அங்க புகார் பெட்டிய தொறங்கன்னு சொன்னேன். சாவி எங்கன்னே தெரியல, அரை மணி நேரம் தேடி எடுத்தா பூட்டு உப்புக்காத்துல துருவேறி இறுகிப்போச்சு, தேங்காண்ணெய் விட்டு தட்டித் தட்டி தொறந்தோம். உள்ள ஒரு குளவிக்கூடு, ரெண்டு மிட்டாய் காகிதம், நாலா மடிச்ச ஒரு நோட்டுத் தாளு. "பொண்ணுங்க பாத்ரூம் கதவுல தாப்பா இல்ல, 7 பி"ன்னு பென்சில்ல எழுதி, எழுத்து மங்கிப்போய் கிடக்கு. எழுதுன பிள்ளை பிளஸ் டூ முடிச்சே போயிருக்கும். எந்திரிச்சுப் போய் அந்தக் கதவப் பாத்தேன், தாப்பா இன்னமும் இல்ல. ஃபைல்ல மட்டும் வருசா வருசம் "புகார்: இல்லை".

அதனால நான் ஃபைல கடைசியாத்தான் கேப்பேன். மூணாவது படிக்கிற பிள்ளைய நிறுத்தி, யாராவது தப்பா தொட்டா, அடிச்சா யார்ட்ட சொல்லுவன்னு கேப்பேன், ஒரு பேரு சட்டுன்னு வரணும். சாயங்காலம் பிராக்டிஸ் முடிஞ்சதும் கேட்டுக்கு வெளிய நிப்பேன், கடைசிப் பிள்ளை போற வரைக்கும் கூட நிக்கிறது யாருன்னு பாப்பேன். பிள்ளைக உதவிக்கு கூப்பிடுற 1098-ம் 14417-ம் எங்க எழுதியிருக்குன்னு பாப்பேன், பாதி இடத்துல அது எச்.எம். கண்ணு உசரத்துல இருக்கு, பிள்ளை அண்ணாந்து பாத்தாலும் தெரியாது. பெட்டிய ஸ்டாப் ரூம் வாசல்ல மாட்டாதீங்க, வாத்தியாருக முன்னாடி எந்தப் பிள்ளை சீட்டு போடும்? வாரம் ஒருதரம் வெளியாளு ஒருத்தரை வச்சு தொறங்க. வந்த சீட்டுக்கு என்ன செஞ்சீங்கன்னு பிரேயர்ல சொல்லுங்க, பேரு மட்டும் சொல்லாம. அடுத்த வருசம் புகார் கூடுனா நான் உங்களுக்கு மார்க் கூடத்தான் போடுவேன்.

போஸ்கோ கேஸ்னா முதல்ல நாங்களே விசாரிச்சு, உண்மைன்னு தெரிஞ்சா சொல்லலாமா?

போக்சோ. போஸ்கோங்கிறது கொரியாக்காரன் இரும்புக் கம்பெனி. பிள்ளைகள பாலியல் குத்தத்துல இருந்து காக்குற 2012 சட்டம், அதுல 19-வது பிரிவு: குத்தம் நடந்திருக்குன்னு தெரிஞ்சா மட்டுமில்ல, நடக்கப் போகுதுன்னு பயந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும். விசாரிக்கிறது உங்க வேலை இல்ல. நிறுவனப் பொறுப்புல இருக்கிறவரு மறைச்சா ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், அபராதமும் உண்டு. நல்லெண்ணத்துல சொன்னவரு மேல கேஸ் வராது. ஊர்ப் பெரியவங்கள வச்சு பேசி முடிக்கிற பஞ்சாயத்து வேணவே வேணாம். பிள்ளை பேரையும் வெளிய விடாதீங்க.

வெயிலுக்கு கிடுகுப் பந்தல் போட்டு கிளாஸ் எடுக்கலாமா? சத்துணவுக்கூடம் பக்கத்துலதான் இருக்கு.

கும்பகோணம், 2004 ஜூலை 16, ஸ்கூல்ல தீப்பிடிச்சு செத்தது 94 பிள்ளைக. அங்கயும் கூரைதான், அங்கயும் பக்கத்துல அடுப்புதான். போடாதீங்க.

மண்டபத்துல கடல் நீச்சல் கேம்ப் நடத்துறோம். எல்லாம் கடக்கரைப் பிள்ளைக, அலை கம்மியான பாக் விரிகுடா, அதான் பெண்கடல் பக்கம்தான். குற்றாலீஸ்வரன் 12 வயசுல பாக் நீரிணையவே கடந்தாரே?

1994-ல கடந்தாரு. அந்த மாதிரி நீச்சலுக்கு கூடவே படகும் ஆளுகளும் போவாங்க, உங்க லெட்டர்ல படகுன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. பேருதான் பெண்கடல், வாடைக்காத்து கிளம்பிட்டா அதுவும் சீறும், அந்த மாசங்கள்ல வேணாம். மத்த நாள்ல மிதவை கட்டுன கயிறு, ஒரு படகு, கரையில நின்னு தலை எண்ணுறதுக்கு மட்டும் ஒரு ஆளு. அந்த ஆளு கையில போன் இருக்கக் கூடாது.