கடலடியில் காசு தெரிந்தால்…

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இலங்கையில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவில் ஸ்நார்கெல் (மூச்சுக்குழாய்) போட்டு நீந்தியபோது, ஆளுயர ஆழத்தில் பவளத்தோடு ஒட்டிக்கொண்டு கறுப்பு வில்லைகள் கட்டியாகக் கிடந்தன. தொடவில்லை. பழைய காசாக இருக்குமா? மறுபடி பார்த்தால் எடுக்கலாமா? – வாசகி, திருச்சி

பதில்: எடுக்காதீர்கள். காசாக இருக்கலாம், வலையிலிருந்து உதிர்ந்த ஈயமாகவும் இருக்கலாம். நடுவில் துளை இருந்து எல்லாம் ஒரே அச்சாக இருந்தால் அநேகமாக ஈயம் அல்லது வாஷர்தான். கையால் அடித்த பழைய காசின் விளிம்பு கோணல்மாணலாக இருக்கும். ஒன்று போல் இன்னொன்று இராது.

வெள்ளி கடலில் கிடந்தால் கறுக்கும். அதன்மேல் சுண்ணாம்பு படிந்து பக்கத்துக் காசோடு ஒட்டிப் பாறை போலாகிவிடும். இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தவுக்கு அப்பால், ‘கிரேட் பாசஸ்’ என்ற பாறைத் திட்டு இருக்கிறது. சிங்களத்தில் அதன் பெயர் மகா ராவணா கோட்டுவ. 1961 மார்ச்சில் கடலடிப் படக்காரர் மைக் வில்சனும் அவரோடு நீந்திய இரண்டு சிறுவர்களும் அங்கே கண்டது இப்படிப்பட்ட கட்டிகளைத்தான். புதையல் தேடி அவர்கள் போகவில்லை. கடலடிப் படம் எடுக்கப் போனவர்கள். காசுகள் ஔரங்கசீப் காலத்தவை, சூரத் அச்சுச் சாலையில் அடித்தவை, ஆண்டு ஹிஜ்ரி 1113, நம் கணக்கில் 1702 வாக்கில். பைக்கு ஆயிரம் என்று கட்டி அனுப்பியிருக்கிறார்கள். பை மக்கிய பிறகும் கட்டி மூட்டை வடிவிலேயே நின்றது. ஒரு ரூபாய் ஏறக்குறைய பதினொன்றரை கிராம், ஆகவே மூட்டைக்குப் பதினொன்றரை கிலோ வெள்ளி.

சூரத் ரூபாய் தனியாக ஒன்று கிடைத்தால் அது ஒரு பழைய காசு, அவ்வளவுதான். ஒரே அச்சுச் சாலையில் ஒரே ஆண்டில் அடித்து, கைமாறாமல் கப்பலேறிய காசு என்பதைச் சொல்வது கட்டி. உளியை வைத்த மறுநிமிடம் அந்தச் சேதி போய்விடும்.

சரி, பார்த்தால் என்ன செய்வது? இரண்டு படம் எடுங்கள். ஒன்று கிட்டத்தில், பக்கத்தில் அளவு தெரிந்த ஏதாவது பொருளோடு. அறைச் சாவி போதும். மற்றொன்று சுற்றியுள்ள பாறையும் தெரியும்படி எட்டத்தில். கண் கணக்கை நம்ப வேண்டாம்: மாஸ்க் வழியே பார்த்தால் நீருக்குள் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். செல்பேசியின் ஜிபிஎஸ் நீருக்கடியில் வேலை செய்யாது. மேலே வந்து, நீர்புகா உறையோடு தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து இடத்தைப் பதியுங்கள். கூடவே மீனவர்கள் பார் (கடலடிப் பாறைத் திட்டு) கண்டுபிடிக்கிற வழியையும் வைத்துக்கொள்ளுங்கள்: கரையில் ஒரு பனையும் அதன் பின்னே ஒரு கூரையும் ஒரே கோட்டில் வருகிறதா, வேறு திசையில் அதேபோல் இன்னொரு ஜோடி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் உங்கள் இடம். படத்தை இணையத்தில் போடாமல் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிசுக்கோ தெரிவியுங்கள்.

இலங்கையின் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, நாட்டின் கடல் எல்லைக்குள் கண்டெடுக்கப்படாமல் கிடக்கும் தொல்பொருள் அரசுடைமை. புறாத் தீவு தேசியப் பூங்கா வேறு. அங்கே செத்த பவளத்துண்டைக்கூட எடுத்து வரக் கூடாது. சொன்னால் பலன் உண்டா என்று கேட்கலாம். அம்பாந்தோட்டை அருகே கொடவாயவில் சங்கு குளிப்பவர்கள் 2003இல் கண்டு சொன்னதால்தான் அங்கே ஈராயிரம் ஆண்டுப் பழமையான கப்பல் கிடப்பது தெரிந்தது.

கேள்வி: மண்ணில் பாதி புதைந்த இரும்புக் குண்டு ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன் உறவினர் கடலிலிருந்து கொண்டுவந்தார். இப்போது செதில் செதிலாக உதிர்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: வேண்டாம். புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். உப்பின் குளோரைடு இரும்புக்குள் ஊறியிருக்கிறது. காய்ந்ததும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து உள்ளே புதுத் துரு வளர்ந்து மேல்தோலைப் பிளக்கிறது. அருங்காட்சியகங்களில் காரக் கரைசலில் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து உப்பை இறக்குவார்கள். சமையலறையில் செய்கிற வேலையல்ல. பீங்கானுக்கும் இதே கதிதான், காய்ந்தால் உப்பு மணியாகி மேல்பூச்சைத் தள்ளும். பொன் ஒன்றுதான் கடலில் கிடந்தாலும் பொன்னாகவே இருக்கும். இருக்கிறதைக் காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அரசு அருங்காட்சியகத்தில் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: குண்டு உருண்டையாக இல்லாமல் நீள் உருளையாக, ஒரு முனை கூம்பாக இருந்தால் அது போர்க்கால வெடிகுண்டாக இருக்கலாம். அசைக்காமல் காவல் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கழுத்தளவு நீரில் கல்யாண மோதிரம் நழுவிவிட்டது. தேடிக் கிடைக்குமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நின்ற இடத்தை விட்டு நகராமல் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். கையைக் காலை உதறி மணலைக் கலக்குவதுதான் பலரும் செய்கிற தப்பு. மோதிரம் இன்னும் கீழே இறங்கிவிடும். உடனே எடைக்கல் கட்டிய கயிற்றை அங்கே போடுங்கள். கயிற்றைப் பிடித்தபடி அரை மீட்டர் ஆரத்தில் ஒரு சுற்று, பிறகு ஒரு மீட்டரில், ஒன்றரையில் என்று விரித்துக்கொண்டே போக வேண்டும். மணலைத் தோண்டாமல், ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையை விசிறி போல அசைத்தால் மேல்மணல் மட்டும் விலகும். கனமான பொன் அங்கேயே நிற்கும்.

பாறைப் பொந்துக்குள் கை விடாதீர்கள். கல்லைப் போலவே கிடக்கும் விஷமீனான கல்மீனின் முள் குத்தினால், சுடாமல் தாங்கக்கூடிய வெந்நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணிக்கு மேல் குத்திய இடத்தை வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆழம் கூடினால் இன்னொரு வில்லங்கம்: திரும்பத் திரும்ப மூச்சடக்கி இறங்குவது. இறங்குமுன் வேகவேகமாக மூச்சு இழுத்துவிட்டால் கரியமில வாயு குறைந்து, மூச்சு முட்டுகிற உணர்வே வராமல் மயக்கம் வந்துவிடும். ஒருவர் இறங்கும்போது ஒருவர் மேலே நின்று பார்க்கட்டும்.

அடுத்த தடவை மோதிரத்தை அறையிலேயே கழற்றி வையுங்கள். தண்ணீரில் விரல் மெலியும், சன்ஸ்கிரீன் வழுக்கும்.

கேள்வி: மாலத்தீவில் அள்ளிய சிப்பி, சங்கு கொண்டுவரலாமா? – வாசகி, சேலம்

பதில்: பவளம், ஆமையோடு, முத்துச்சிப்பி ஓடு ஆகியவற்றை அங்கிருந்து வெளியே கொண்டுபோகத் தடை, விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். கூம்பு வடிவச் சங்கை நீருக்குள் கையில் எடுக்கவே கூடாது; உயிரோடு இருந்தால் விஷ ஊசியால் குத்தும், ஆளைக் கொல்லவும் வல்லது. காலி என்று நினைத்த மற்றச் சங்குகளிலும் துறவி நண்டு குடியிருக்கக்கூடும். ஊருக்கு வந்தபின் பெட்டி நாறும்போது தெரியும்.