கேட்டை உச்சிக்கு வரும் இரவு

அன்புள்ள அக்கா,

உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். மெல்பர்னில் பதினோரு வருஷமாக இருக்கிறோம். இந்த ஜூலை பள்ளி விடுமுறையில் அடிலெய்ட் வழியாக, நாட்டின் நடுவில் இருக்கும் உலுரு மலை வரை காரில் போய்வரலாம் என்று முடிவு செய்து, தங்குமிடங்களுக்குப் பணமும் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் கவனித்தேன், மகளின் பத்தாவது பிறந்தநாள் சரியாக கூபர் பீடியிலிருந்து உலுருவுக்குப் போகிற நாளில் வருகிறது.

போன வருஷம் ஹால் எடுத்து, அறுபது பேரைக் கூப்பிட்டு, ரிட்டர்ன் கிஃப்ட் எல்லாம் கொடுத்துச் செய்தோம். இந்த வருஷம் நடுப் பாலைவனத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும். போன்கூட எடுக்காது என்கிறார்கள். "பத்து வயசு ஒரு தடவதானப்பா வரும்" என்று அவள் சொன்னதிலிருந்து மனசே சரியில்லை. மனைவி பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறாள். ஊரிலிருந்து அம்மா, "நட்சத்திரம் சித்திரைதானே, திரும்பி வந்து கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிட்டாப் போச்சு" என்கிறார். அந்தச் சாலையில் பலமுறை போனவர் நீங்கள். என்ன செய்யலாம்?

அன்புடன்,
ரா.

அன்புள்ள ரா.,

போய் வாருங்கள், தள்ளிப்போட வேண்டாம். ஆனால் பிறந்தநாளன்று போட்டு வைத்திருக்கும் திட்டத்தை மட்டும் மாற்றுங்கள்.

கூபர் பீடியிலிருந்து, உலுருவுக்குப் பக்கத்துத் தங்குமிடமான யுலாரா வரை ஏறக்குறைய 735 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பி கன்னியாகுமரிக்குப் போகிற தூரம். நடுவில் மார்லா, குல்கெரா, எர்ல்டுண்டா என்று வரைபடத்தில் பெயர்கள் இருக்கும். போய்ப் பார்த்தால் ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கூடம், தங்கச் சில அறைகள், பின்னால் கூடாரம் போட இடம். ரோட்ஹவுஸ் என்பார்கள். ஜூலையில் மாலை ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் கங்காரு சாலைக்கு வரும். வேலி இல்லாத மேய்ச்சல் நிலம் என்பதால் மாடுகளும் வரும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டினால் காப்பீடு கிடையாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். பொழுதுக்குள் சேரவேண்டுமே என்று நீங்கள் பதைத்துக்கொண்டு ஓட்டினால், அந்தப் பதைப்புதான் அவளுடைய பத்தாவது பிறந்தநாளாக மிஞ்சும்.

அதனால் எர்ல்டுண்டாவோடு அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள். கூபர் பீடியிலிருந்து 490 கிலோமீட்டர்தான். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால், வழியில் இரண்டு இடத்தில் நின்று சாப்பிட்டாலும், வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடலாம். யுலாராவுக்குக் கட்டிய பணத்தில் ஓர் இரவு நஷ்டமாகலாம். போன வருஷ ஹால் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மனசு ஆறிவிடும்.

சில நடைமுறைக் காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். பூஜைக்கென்று மெல்பர்னிலிருந்து வாழைப்பழமோ எலுமிச்சையோ எடுத்துவர வேண்டாம். பழ ஈ பயத்தால் தெற்கு ஆஸ்திரேலிய எல்லையில் அவற்றைப் போட்டுவிடச் சொல்வார்கள். எல்லாவற்றையும் போர்ட் அகஸ்டாவில் வாங்கிக்கொள்ளுங்கள். கிளெண்டம்போவைத் தாண்டினால் கூபர் பீடி வரை 250 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது. கிரீம் கேக்கைக் காரில் வைத்து அந்தத் தூரம் கொண்டுபோக முடியாது. ரவா கேசரி கிளறி எடுத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். பலூன் வேண்டாம். பறந்து போனால் அந்த மண்ணில் அதைப் பொறுக்க ஆள் இல்லை.

பரிசு என்ன வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தால், முந்தின நாள் கூபர் பீடியிலேயே கொடுத்துவிடலாம். 1915-இல் அப்பாவோடு தங்கம் தேடிப் போன கூட்டத்தில் இருந்த 14 வயதுப் பையன் ஒருவன், தண்ணீர் தேடிப் போன இடத்தில் ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். அந்த ஊர் பிறந்தது அப்படித்தான். வெயிலுக்குப் பயந்து ஜனங்கள் இன்றும் குன்றைக் குடைந்து உள்ளே வீடு வைத்திருக்கிறார்கள், தேவாலயம்கூட மண்ணுக்கடியில்தான். சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண்மேட்டில் யார் வேண்டுமானாலும் கிளறிப் பார்ப்பதற்கென்று ஊருக்குள் ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். 'நூட்லிங்' என்பார்கள். ஒரு சின்னக் கைக்கொத்தும் சல்லடையும் வாங்கி அவள் கையில் கொடுத்து இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். நகம் அளவு நிறம் காட்டும் துண்டு ஒன்று கிடைத்தாலும் அவளே எடுத்ததாக இருக்கும்.

போன் எடுக்காது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். உண்மைதான். ஊரைவிட்டுக் கொஞ்ச தூரம் தாண்டினாலே சிக்னல் போய்விடும். ஆனால் அந்தச் சாலையின் கதையே குரலுக்கு ஏங்கினவர்களின் கதை. ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்பவர் 1862-இல் இந்தக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்து கடலைத் தொட்டார். அவர் பெயர்தான் நெடுஞ்சாலைக்கு. அவர் போன தடத்தை ஒட்டியே 1872-இல் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டருக்குத் தந்திக் கம்பி இழுத்தார்கள். டார்வினிலிருந்து கடலுக்கடியில் ஜாவா, பிறகு சிங்கப்பூர், பினாங்கு, அதற்கடுத்து நம் மெட்ராஸ். அடிலெய்டிலிருந்து லண்டனுக்குப் போன செய்தி மெட்ராஸைத் தொட்டுத்தான் போயிற்று. மகளுக்கு இதைச் சொல்லுங்கள். பாட்டி ஊரும் அந்தக் கம்பியில் இருந்தது. பிறகு 1928-இல் பறக்கும் மருத்துவர் சேவை வந்தது. அடுத்த வருஷமே காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோ வந்தது. 1951-இல் அலைஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வானொலியிலேயே பள்ளிக்கூடம் நடத்த ஆரம்பித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தோழி என்றால் ஒரு குரல்தான், முகம் தெரியாது.

நீங்களும் குரலை எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு முன்பே பாட்டி, மாமா, அவளுடைய நெருங்கிய தோழிகள் என்று ஐந்து பேரிடம் அரை நிமிஷம் பேசச் சொல்லிப் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம். அன்றைக்கு நூறு கிலோமீட்டருக்கு ஒரு குரலாகக் காரில் போடுங்கள். எதிரே வரும் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கி வணக்கம் சொல்வார்கள், அந்தப் பக்கத்து வழக்கம் அது. எத்தனை விரல் என்று அவளை எண்ணச் சொல்லுங்கள். போன வருஷத்து அறுபதைத் தாண்டினாலும் தாண்டும்.

இனி நான் உங்களுக்கு எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் 'சித்திரை' என்று பார்த்ததும் என் அம்மாவின் நினைவு வந்தது.

அம்மாவுக்கு மன்னார்குடிப் பக்கம். பிறந்த தேதி தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஜூன் 1 என்று போட்டுவிட்டார். வீட்டில் சொல்வது ஆனி மாதம், கேட்டை நட்சத்திரம். கேட்டையில் பிறந்த பெண் புருஷனின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்பா தலைச்சன் பிள்ளை என்பதால்தான் ஜாதகத்தையே கையில் வாங்கினார்களாம். ஆனால் கல்யாணமாகி மூன்றாம் மாதம் அப்பாவின் பெரியப்பா மகன் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். யாரும் வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை அம்மா ஐம்பது வருஷம் சுமந்தாள். கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் நட்சத்திரம் கேட்டால், எங்கள் எல்லோருடையதையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, தன்முறை வரும்போது "சுவாமி பேருக்கே பண்ணிடுங்க" என்பாள். சின்ன வயதில் அதை பக்தி என்று நினைத்திருந்தேன்.

2022-இல், விமானமெல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகு, எங்களிடம் அடிலெய்டுக்கு வந்தாள். அவளுக்கு எழுபது. ஜூலை இரண்டாம் வாரம் உலுருவுக்குக் கிளம்பினோம். ஆனிக் கேட்டை, வழியில்தான் வந்தது. நானும் உங்களைப் போலத்தான் சங்கடப்பட்டேன். எழுபது வயதை ஒரு பெட்ரோல் பங்கிலா கொண்டாடுவது என்று. மாலையில் ரோட்ஹவுஸில் பணம் கட்டும்போது என் கணவர் சொல்லிவிட்டார். அங்கே இருந்த அம்மணி உள்ளே போய், தேங்காய்த் துருவலில் புரட்டிய லாமிங்டன் ஒன்றில் மெழுகுவத்தி குத்திக் கொண்டுவந்தார். மூன்று பெட்டி பூட்டிய ரோட் ட்ரெயின் லாரி ஓட்டுகிறவர்கள் இரண்டு பேர் சாப்பாட்டை நிறுத்தி எழுந்து நின்று பாடினார்கள். எழுபது வருஷத்தில் அம்மாவுக்கு யாரும் பாடியது அதுதான் முதல் தடவை. "தேங்கா நல்லாருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

இரவு பத்து மணிக்குச் சற்று முன் சால்வையைப் போர்த்தி வெளியே அழைத்துப் போனோம். நல்ல குளிர். வளர்பிறை நிலா, பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் இருந்தது. ஆனி மாதக் கேட்டை என்றால் நிலா அப்படித்தான் இருக்கும். அந்த வெளிச்சத்தில் பால்வெளி எல்லாம் மங்கிவிட்டது. நிலாவுக்குக் கொஞ்சம் தள்ளி, தலைக்கு நேர் மேலே, ஒன்று மட்டும் சிவப்பாக நின்றது. "அத்தை, அதுதான் கேட்டை" என்றார் இவர்.

அம்மா கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள். நம் ஊரில் கேட்டை தெற்கே சாய்ந்துதான் போகும். வீட்டுக்கூரை, தென்னைமரம் எதிலாவது மறைந்துவிடும். ஆஸ்திரேலியாவின் நடுவில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கே வருகிறது.

"இவ்வளவு செவப்பாவா இருக்கும்?" என்றாள். பிறகு, "இது போய் யாரை என்ன பண்ணும், பாவம்."

மறுநாள் உலுருவில் மாலா பாதையில் மெதுவாக நடந்தாள். அந்த மண்ணின் ஆதிகுடிகளான அனங்கு மக்களுக்கு அது புனிதமான மலை. 1985-இல் அவர்கள் கைக்கே நிலம் திரும்பியது. 2019 அக்டோபர் 26 முதல் யாரும் ஏறக்கூடாது. சுற்றி நடக்கலாம், முழுச் சுற்று பத்தரைக் கிலோமீட்டர். "ஏறாம சுத்தி வரணும், அதானே முறை" என்றாள், திருவண்ணாமலையைப் பேசுகிற மாதிரி. சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருப்பார்கள். மகளுக்குச் சொல்லிக் கூட்டிப் போங்கள். அடிலெய்டுக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் குருக்கள் கேட்டபோது, தன் பெயரைச் சொல்லி, "கேட்டை நட்சத்திரம்" என்றாள் அம்மா.

உங்கள் அம்மா சொன்ன அர்ச்சனையைத் திரும்பி வந்து செய்யுங்கள். ஆனால் அர்ச்சனையில் சொல்லும் அந்த நட்சத்திரத்தைக் குழந்தை ஒரு தடவை கண்ணால் பார்க்கட்டும். ஜூலை முன்னிரவில் அங்கே மேற்கே மகம் தொடங்கி கிழக்கே திருவோணம் வரை பதின்மூன்று நட்சத்திரங்கள் ஒரே வானத்தில் நிற்கும். புனர்பூசமோ பூசமோ என்றால் சூரியனோடு போய்விட்டிருக்கும். கார்த்திகை, ரோகிணி என்றால் விடியற்காலை ஆறு மணிக்கு எழுப்ப வேண்டியிருக்கும். உங்கள் மகளுக்கு அதிர்ஷ்டம். சித்திரை ஒற்றை நட்சத்திரம், வெள்ளை, தேடவே வேண்டாம். ஏழே கால் மணி சுமாருக்கு உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். பக்கத்தில் கைபோல நாலைந்து மங்கலாகத் தெரிவது அஸ்தம். நிலா இல்லாத இரவாக அமைந்தால் தென் சிலுவைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டு தெரியும். இந்த நாட்டின் ஆதிகுடிகள் பலரும் அதை ஈமு பறவையின் தலை என்கிறார்கள். உடல் விருச்சிகம் வரை இருட்டாக நீண்டு போகும். அதையும் காட்டுங்கள்.

கூடாரம் போடும் இடத்தின் ஓரத்துக்கு, விளக்கு வெளிச்சம் எட்டாத பக்கமாக, மூன்று பேரும் நடந்து போங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். போன் திரையையும் அணைத்துவிடுங்கள், கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் பிடிக்கும். கேசரியை அதுவரை திறக்க வேண்டாம்.

அன்புடன்,
அக்கா